கை நனைத்த பகல்

இலையில் தெளித்த தண்ணீரை ஒருமுறை வழித்து விட்ட பிறகு பொன்னுலிங்கத்துக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. உப்பு வந்துவிட்டது, மாங்காய் ஊறுகாய் வந்துவிட்டது, அவரைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு, வடை, சோறு, சோற்றின்மேல் பருப்பு, பருப்பின்மேல் நெய், எல்லாம் வந்துவிட்டன. இனி அவர் கைதான் வரவேண்டும். பெண்ணைப் பெற்றவர் முதல் கவளம் எடுத்தால்தான் வரிசையில் மற்றவர்கள் எடுப்பார்கள். இடதுபக்கம் மனைவி செண்பகவல்லி இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலதுபக்கம் அவள் தம்பி திருமேனி, மகள் சிந்துஜாவின் தாய்மாமன், பட்டுக்கரை வேட்டி மடிப்புக் கலையாமல் சம்மணம் போட்டு, பசியை மறைக்கத் தெரியாமல் வடையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக இரண்டு குடும்பமும் வந்து போகிறது. ஜாதகம் பார்த்தாயிற்று, பையனும் பெண்ணும் போனில் பேசியாயிற்று, வீடு பார்த்தாயிற்று. ஆனாலும் பையனுடைய இந்த வீட்டில் இதுவரை காப்பிக்கு மேல் தொட்டதில்லை. சம்பந்தம் உறுதியாகும் வரை சோற்றில் கை வைப்பதில்லை. வைத்துவிட்டால் அதற்குப் பிறகு ஏன், எப்படி என்ற பேச்சே கிடையாது. தாலி கட்டுவதுகூட ஊருக்காக. சாத்தூரில் இந்தக் கூடத்தில் இந்தப் பாயில் உட்கார்ந்து பொன்னுலிங்கம் கை நனைத்தால் சிந்துஜா இந்த வீட்டுப் பெண். அதனால்தான் அவள் காலையில் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். "கை நனைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிருங்கப்பா. அப்புறம் சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும்." சரி என்றார். சொல்லவேண்டியது நாலே வாக்கியம். எனக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. குடியால் வந்ததில்லை. எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, இப்போதைக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது மூன்றுமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்றுமுறையும் மூன்றாவது வாக்கியத்தில் வண்டி நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு நாலாவதுக்குப் போனால் அங்கே 'இப்போதைக்கு' என்று ஒரு வார்த்தை குறுக்கே படுத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்லியிருக்கலாம், பையனின் அப்பா சங்கரபாண்டி மாலை போடாத குறையாகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டார். காப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கலாம், அப்போது பையனின் பத்தாம் வகுப்பு மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல மார்க் வாங்கிய கதைக்கு நடுவில் எப்படி உணவுக்குழாயை நுழைப்பது. "என்ன மச்சான், மந்திரமா சொல்லுதீக?" என்றான் திருமேனி. "ஆரம்பிங்க அண்ணாச்சி, சோறு ஆறுது" என்றார் சங்கரபாண்டி. பொன்னுலிங்கம் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவருடைய கை கீழே இறங்கியது, பருப்பையும் சோற்றையும் பிசைந்தது, ஒரு உருண்டையை எடுத்து வாயில் வைத்தது. அவ்வளவுதான். கூடத்தில் ஒரு நிம்மதி பரவியது. "இனிமே என்ன அண்ணாச்சி, சம்மந்திதான்" என்று சங்கரபாண்டி சிரித்தார்.

உருண்டை இறங்கியது. இரண்டு வருடமாக அவர் சாப்பிடுவது இப்படித்தான், வாயில் வைத்ததோடு விட்டுவிடுவதில்லை, கூடவே இறங்கிப்போய் வழியனுப்பி வைத்துவிட்டுத் திரும்பி வருவார். தொண்டை தாண்டியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் போகிறது. இதோ இந்த இடம்தான். இந்த இடத்தில் அவை இருக்கின்றன. மதுரையில் டாக்டர் கேமராவை விட்டு எடுத்த படத்தைக் கையில் கொடுத்திருந்தார். மழை விட்டதும் தரையில் நெளியுமே மண்புழு, அது மாதிரி மூன்று, நீலமும் சிவப்பும் கலந்து, ஈரமாக. தன் உடம்புக்குள் இருந்து எடுத்த படம் என்று நம்பவே முடியவில்லை. யாருடைய படமோ மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள், மூன்று தடவை. கட்டியது சுருங்கிப்போகும், பக்கத்தில் புதிதாக ஒன்று தலை தூக்கும், மறுபடி கட்டுவார்கள். கடைசியாகக் கட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. மொறுமொறுப்பானது எதுவும் கூடாது, தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமலை வளரவிடக் கூடாது. நெஞ்சின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, அதைத் தின்றால் நாடி ஐம்பத்தெட்டுக்கு வந்துவிடும், கோபப்பட வேண்டிய இடத்தில்கூடக் கோபம் இரண்டு நிமிடம் தாமதமாக வரும். அது ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது. பயமும் தாமதமாகத்தான் வந்தது. வரும்போது அது ஏதோ பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. உடையலாம், உடையாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். உடைந்தால் வாய்வழியாக வரும், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். எவ்வளவு நேரம் இருக்கும் என்று பொன்னுலிங்கம் கேட்டார். டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நேரம் கேட்டால் சொல்லாமல் விடுவது பொன்னுலிங்கத்தின் தொழிலில் கிடையாது.

அவர் தொழில் பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளர். முப்பத்தொரு வருடமாக வண்டி வந்த நேரம், போன நேரம், தாமதம் எத்தனை நிமிடம், காரணம் என்ன, நாலு கட்டம். முதல் மூன்றும் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். நாலாவது கட்டம்தான் பொன்னுலிங்கத்தின் வேலை. அதைக் காலியாக விடக் கூடாது. காரணம் இல்லாத தாமதம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதாக மேலே உள்ளவர்களுக்குத் தெரியாது. பஞ்சர் என்றால் பஞ்சர், ஊர்வலம் என்றால் ஊர்வலம். சில நாள் கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "தெரியல சார், எங்கயும் நிக்கல, எப்பயும் போல வந்தோம், பத்து நிமிசம் போயிருச்சு." அவர்களுக்காகவே பொன்னுலிங்கம் ஒரு வார்த்தை வைத்திருந்தார், ரயில்வே கேட். ரயிலே ஓடாத தடத்தில் வந்த வண்டிக்கும் ஒரு தடவை கேட் என்று எழுதிவிட்டார். கையெழுத்துப் போட்டுத்தான் திரும்பி வந்தது. யாருக்கும் கேட் வேண்டியதில்லை, கட்டம் நிரம்பியிருந்தால் போதும். அப்படிப்பட்ட மனுஷருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் காரணம் என்ற இடத்தில் அறியப்படவில்லை என்று எழுதியிருந்தது. டாக்டர் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைப் பிடுங்கி எதையாவது எழுதிவிட அவருக்குக் கை துறுதுறுத்தது. எதை எழுதுவது. முதலில் மலம் கறுப்பாகப் போனபோது அவரே ஒரு காரணம் எழுதிக்கொண்டார், முந்தின நாள் தின்ற கறுப்பு உளுந்தங்களி. மறுநாளும் கறுப்பாகப் போயிற்று, களி இன்னும் வயிற்றில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் ஏழு நாற்பது வண்டிக்கு நேரம் குறிக்கும்போது பேனா முனையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது, அப்புறம் சிமெண்டுத் தரை கன்னத்தில் குளிர்ச்சியாக இருந்தது, யாரோ சோடா உடைத்தார்கள். ஒரு களியை நம்பி ஐந்து நாள் ரத்தம் போயிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் கக்கூஸில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். மனுஷன் நிறத்தைப் பார்த்து சந்தோஷப்படும்படி ஆகிவிட்டது. ஒருநாள் பீட்ரூட் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுநாள் காலையில் குனிந்து பார்த்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே கால் மணி நேரம் நின்றார். அப்போது என்ன நினைத்தோம் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், சிந்துஜா கல்யாணத்துக்கு யார் எனக்குப் பதிலாக உட்கார்வார்கள் என்றுதான் நினைத்திருந்தார். செத்துப்போவதைப் பற்றி நினைத்த மாதிரி ஞாபகம் இல்லை.

"சாம்பார் விடட்டுமா அண்ணே?" பையனின் அம்மா மாரீஸ்வரி. விடுங்கம்மா. நோயைப் பார்க்கிற டாக்டர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். குடிப்பீங்களா. இல்லை. எப்பவாவது. இல்லை. விசேஷத்துக்கு, ஃப்ரெண்ட்ஸ் கூட. இல்லை சார். கல்லீரல் நன்றாக இருக்கிறது, மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை, ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்த்தாயிற்று, அதிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, மண்புழுக்களைத் தவிர. மூன்றாவது டாக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு செண்பகவல்லியைக் கேட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, கேட்டது. "எங்கப்பா குடிச்சே செத்தாரு டாக்டர். குடிக்காத ஆள்னுதான் இவரக் கட்டுனேன்." வாஸ்தவம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோது பொன்னுலிங்கத்திடம் சொல்லிக்கொள்ளும்படி வேறு தகுதி ஒன்றும் இல்லை. நிறம் இல்லை, நிலம் இல்லை, வேலையும் அப்போது தற்காலிகம். பையன் குடியைக் கையால் தொடமாட்டான் என்று தரகர் சொன்ன ஒரே வார்த்தைக்குத்தான் அவள் வாசலுக்கு வந்து நின்றாள். அதற்கப்புறம் அவர் பஸ் ஸ்டாண்டில் யாரோ நீட்டிய குளிர்பானத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தார். அப்பா குடித்தே செத்தார் என்பதற்கு மேல் செண்பகவல்லி அந்த மனுஷரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. வீட்டில் அவருடைய போட்டோ கிடையாது. திதி கொடுப்பது திருமேனி, அவனும் வாய் திறக்கமாட்டான். இவரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று அப்போது நினைத்தார். இப்போது டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்கிறபோது பார்த்தால், அது சோம்பலாகக்கூட இருக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்பளம் விழுந்தது. உள்ளங்கையைவிடப் பெரிது, நுனியெல்லாம் சுருண்டு, கண்ணாடித்துண்டு மாதிரி. திருமேனி தன்னுடையதை நொறுக்கும் சத்தம் வலது காதில் கேட்டது, அந்தச் சத்தம் நெஞ்செலும்புக்குப் பின்னாலும் கேட்டது. பொன்னுலிங்கம் அப்பளத்தைச் சோற்றுக்கு அடியில் தள்ளி, மேலே சாம்பாரை இழுத்து மூடினார். ஊறட்டும். ஊறினால் அப்பளமும் ஒரு சோறுதான். இப்போதாவது சொல்லலாம். கை நனைத்துவிட்டோமே. கை நனைத்தபின் சொன்னால் ஏமாற்றினது. சொல்லாமலே இருந்தால் அதற்கு என்ன பேர். சிந்துஜாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இப்போதைக்கு ஒண்ணும் இல்ல என்றார். இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும் சார்? பரம்பரையா வருமா? வரலாம், வராமலும் இருக்கலாம், காரணம் தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும் என்றார். நியாயம்தான். அந்தப் பிள்ளை மேசையிலிருந்து இறங்கி வயிற்றில் தடவின பசையைத் துடைத்துக்கொண்டே சிரித்தது, "பாத்தீங்களா, நான் பாஸ்." இருபத்தாறு வயது. அவருக்கு அறுபதை நெருங்கும்போதுதான் தெரிய வந்தது. இருபத்தாறில் அவருக்கும் ஒன்றும் இல்லாமல்தான் இருந்திருக்கும். இருந்திருக்குமா. யார் கேமரா விட்டுப் பார்த்தார்கள். "அண்ணே, அப்பளத்தக் காணமே? இன்னொண்ணு வெக்கேன்." "வேண்டாம்மா. நான் ஊறவெச்சுத்தான் திம்பேன்." மாரீஸ்வரி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். சங்கரபாண்டி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை போய்த் திரும்பி வந்ததைப் பொன்னுலிங்கம் பார்த்தார். வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும் முன்பே ஹாரன் சத்தத்தில் எந்த வண்டி என்று சொல்லிவிடுகிற ஆள் அவர்.

சங்கரபாண்டி ஒரு முக்காலியை இழுத்து இலைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "சம்மந்தி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. மதுரையில எங்க சகலை மகன் லேப்புல இருக்கான். உங்கள அங்க ரெண்டு மூணு தடவ பாத்திருக்கான், கல்லீரல் டாக்டர் ரூமுக்கு வெளிய. பிள்ளை எடுக்கிற எடம், விசாரிக்காம இருக்க முடியாது பாருங்க. தொண்டைக்குழாயில நரம்பு வீக்கம்னு சொன்னான். தண்ணி போடுத ஆளுகளுக்குத்தான் அது வருமாம்." செண்பகவல்லியின் கை இலையில் நின்றது. "கேட்டுச் சங்கடப்படுத்தாதீகன்னு இவதான் சொன்னா. எனக்கு மனசுல வெச்சுக்கிட்டுப் பேசத் தெரியாது. எங்க அண்ணனும் குடிச்சவருதான், விட்டாரு, இன்னைக்குப் பேரன் பேத்தியோட இருக்காரு. அதெல்லாம் ஒரு குறையே இல்ல. குடிச்சு வந்ததுன்னா குடிச்சவரோட போச்சு. ரத்தத்துல ஓடுத சீக்குன்னாத்தான் நாளைக்குப் பிறக்கப்போறதுகளுக்காக யோசிக்கணும். அதுதான், கை நனைச்சாச்சு, இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை."

நாலு வாக்கியமும் வரிசையாக வந்து நின்றன. முதல் வாக்கியத்தை சங்கரபாண்டியே சொல்லிவிட்டார், மிச்சம் மூன்று. குடியால் வந்ததில்லை. இதைச் சொல்லலாம், இருபத்தெட்டு வருடமாகச் சொல்லக் காத்திருந்த வாக்கியம், சொன்னால் நெஞ்சு நிமிரும். சொன்ன கையோடு, அப்ப எதனால என்று கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார், நல்ல மனுஷர், மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். எதனால் என்று தெரியவில்லை என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தை இங்கிருந்து முக்காலிக்குப் போகும், முக்காலியிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து சகலை மகனுக்கு, அவன் லேப்பில் இருக்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும், பரம்பரையா இருக்கும் சித்தப்பா என்பான். பையன் போனை எடுக்க நேரமாகும். சிந்துஜா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெரியவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் நாலு டாக்டர்கள் சேர்ந்து கண்டுபிடித்த உண்மை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கரையேற்ற முடியாது. நாடி ஐம்பத்தெட்டிலேயே நின்றது, மாத்திரை அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அவருக்குத் தன்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது போலத்தான் இருந்தது.

"விட்டு ஏழு வருசம் ஆச்சு சம்மந்தி" என்றார்.

சங்கரபாண்டி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார். "பெரிய மனசு வேணும் சம்மந்தி, இத ஒத்துக்கிடுததுக்கு! கேட்டியாடீ? நான் சொல்லல?" அப்புறம் முக்காலியில் மறுபடி உட்கார்ந்து, உறவாகிவிட்ட உரிமையோடு குரலைத் தாழ்த்தி, "என்ன சாப்பிடுவீக?" என்றார். பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். பஸ் ஸ்டாண்டின் பின்சுவரோரம் தினமும் கிடக்கும் காலி பாட்டில்கள் கண்ணில் வந்தன, அதில் ஒட்டிய காகிதம் வந்தது, காகிதத்தில் இருந்த எழுத்து மட்டும் வரவில்லை. முப்பத்தொரு வருடம் அதைத் தாண்டிப் போயும் ஒருநாள்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

"பிராந்தி" என்றாள் செண்பகவல்லி. இலையைப் பார்த்துத்தான் சொன்னாள். மாரீஸ்வரி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "எப்படி மதினி சமாளிச்சீக?" செண்பகவல்லி சோற்றை விரலால் பிரித்து, மறுபடி சேர்த்தாள். "மத்தியானமே ஆரம்பிச்சிரும் மதினி. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சத்தமே இருக்காது. வாசல்ல செருப்பக் கழட்டி ஜோடியா வெப்பாரு, கோணக் கூடாது, திரும்பத் திரும்பக் குனிஞ்சு சரி பண்ணுவாரு. அதுக்குமேல உள்ள வரத் தெரியாது. அங்கனயே உக்காந்துருவாரு. கூப்பிட்டா, இது யாரு வீடும்பாரு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அவரத் தாண்டித்தான் உள்ள போகணும். பக்கத்து வீட்டுக்காரி பாக்குறதுக்குள்ள தாண்டிப் போயிறணும்னு பையத் தலைமேல வெச்சுக்கிட்டு ஓடி வரும்." "பாவம், சிந்துஜா" என்றாள் மாரீஸ்வரி. "ஆமா" என்றாள் செண்பகவல்லி. பொன்னுலிங்கம் சோற்றில் கை வைத்தபடி தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தெருவில் ஓடி வந்தது. சிந்துஜா இல்லை. ரெட்டைச் சடை, எண்ணெய் வழியும் முகம், எந்த வகுப்பு, எந்தத் தெரு, அவருக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அந்தப் பிள்ளையை இப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்கிறார். அதுவும் அடுத்த வீட்டுக் கூடத்தில், அவருடைய பொய்க்கு முட்டுக்கொடுக்க அவள் அதைக் கூட்டிக்கொண்டு வந்ததால். வெட்கமாக இருந்தது. குடித்ததாகச் சொன்னதற்கு இல்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், உங்கப்பா எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கலாம்.

மாரீஸ்வரி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். பொம்பளைகளுக்குள் பேசுகிற குரலில்தான் கேட்டாள், ஆனாலும் கேட்டது. "கை நீட்டுவாரா மதினி?"

செண்பகவல்லி இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையை எடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு, "இல்ல மதினி. அந்தக் கொற சொல்ல முடியாது" என்றாள்.

திருமேனி எழுந்தான். ரசம் வரவில்லை, பாயசம் வரவில்லை, பந்தியில் பாதியில் எழுந்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், வடையைத் தொடாமல், யாரையும் பார்க்காமல், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். தண்ணீர்த் தொட்டியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. அவனும் அந்த வாசலைத் தாண்டி வளர்ந்த பிள்ளைதான். செண்பகவல்லி தலை நிமிரவே இல்லை, அவளுடைய இடதுகை முந்தானையைப் பிடித்திருந்தது. சங்கரபாண்டி பதறிப்போய் எழுந்தார். "என்ன சம்மந்தி, தாய்மாமன் எந்திரிச்சுப் போயிட்டாரு? எங்க பேர்ல ஏதும் குத்தமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீங்க உக்காருங்க" என்றார் பொன்னுலிங்கம். "அவனுக்குக் காரம் சேராது."